நார்ட்டனும் நமது பட்டறைகளும்

2020ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 17ஆம் தேதி. கொரோனா நோய்க்கு அஞ்சித் தேசம் முழுவதும் கதவடைத்துக் கிடந்த நேரம். யந்திரசாலைகள் ஓடவில்லை, கடைவீதிகள் திறக்கவில்லை. அன்று ஒரு செய்தி வெளியாயிற்று. ஓசூரில் பெரிய யந்திரசாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி, இங்கிலாந்தின் பழம் பெருமை வாய்ந்த நார்ட்டன் மோட்டார் சைக்கிள் ஸ்தாபனத்தை 1 கோடியே 60 லக்ஷம் பவுன் ரொக்கம் கொடுத்து வாங்கிவிட்டது என்பதே அச்செய்தி. நம் நாணயத்தில் அது சுமார் 153 கோடி ரூபாய்.

வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நம் நண்பர்கள் பலர் அன்று கொண்ட ஆனந்தத்திற்கு அளவில்லை. "நம்மை ஆண்டவனுடைய கம்பெனியை நம்மவன் வாங்கிவிட்டான்!" என்று ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். அம்மகிழ்ச்சியில் நமக்கும் பங்கு இருந்தது, அதை ஒளிப்பானேன்? இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஏறத்தாழ ஒரு லக்ஷம் வண்டிகள் செய்து கொடுத்த கம்பெனி அது. அந்த ராணுவத்தின் வண்டிச் சத்தத்தைக் கேட்டு நம் பாட்டனார்கள் வழி விலகி நின்ற காலம் ஒன்று இருந்தது. திருக்குறுங்குடியில் பிறந்து, 1911இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வழிவந்த கம்பெனி, அப்பெயரை விலைக்கு வாங்கியது என்றால் தமிழ் நெஞ்சம் சற்று நிமிராமல் இருக்குமா?

ஆனால் அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்து ஐந்து வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. 2025 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்துக் கண்காட்சியில் புதிய உரிமையாளர் உருவாக்கிய நான்கு வண்டிகள் உலகத்தின் முன் நிறுத்தப்பட்டன. மாங்க்ஸ் ஆர், மாங்க்ஸ், அட்லஸ், அட்லஸ் ஜி.டி. என்பன அவற்றின் பெயர்கள். இனி உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். கை மாறிய இப்பெயரின் வருங்காலம் என்ன? அதைவிட முக்கியமாக, கோயமுத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டிலும் லேத்தும் உலையும் வைத்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான பட்டறைக்காரர்களுக்கு இதனால் என்ன?

முதலில், வாங்கப்பட்டது இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனியை வாங்கினார்கள் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது அவ்வளவு எளிதன்று. 2020 ஜனவரியில் பழைய நார்ட்டன் கம்பெனி நொடித்துப்போய், நிர்வாகிகள் வசம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களிடமிருந்து டி.வி.எஸ். பெற்றவை பெயர், வியாபாரச் சின்னம், வரைபடங்கள், சில யந்திரங்கள், சரக்கு ஆகியவையே. பழைய கம்பெனியின் கடன்கள் அவற்றோடு வரவில்லை. பாவங்களும் வரவில்லை. இருநூற்றுக்கு மேற்பட்ட எளிய மனிதர்கள் தங்கள் முதுமைக்காகச் சேர்த்து வைத்த ஓய்வூதியப் பணம் முழுவதும் அக்கம்பெனிக்குள்ளேயே கொண்டுபோய்ப் போடப்பட்டிருந்தது. முந்திய உரிமையாளர் 2022இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 8 மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தார்கள்! முன்பணம் கட்டிவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தவர்களின் கதை வேறு.

புதிய உரிமையாளர் உள்ளே சென்று பார்த்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. பழைய நிர்வாகம் மிக உயர்ந்த விலைக்கு விற்றிருந்த வி4 எஸ்.எஸ். என்ற வண்டியில் 35 குறைபாடுகள் இருப்பதாகவும், அவற்றுள் சில உயிருக்கே ஆபத்தானவை என்றும் நார்ட்டன் ஸ்தாபனமே 2021இல் அறிவித்து, அவ்வண்டிகளை ஓட்ட வேண்டாம் என்று வாங்கியவர்களை எச்சரித்தது. தான் வாங்கிய பெயரின் மீது தானே கறையைக் காட்டிய இச்செயலை நாம் மெச்சுகிறோம். அதை மூடி மறைக்க ஆசை தோன்றியிருக்கக் கூடும். மறைத்திருந்தால் இன்று மிலானில் யார் நின்று பார்ப்பார்கள்?

நார்ட்டன் என்ற பெயர் கை மாறுவது இது முதல் தடவையன்று. 1898இல் பர்மிங்ஹாமில் அதைத் தொடங்கியவர் ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் என்பவர். நல்ல யந்திர நிபுணர். கணக்கு வழக்கில் அவ்வளவு திறமை போதாது. 1913லேயே அவருடைய கம்பெனி லிக்விடேஷனுக்குப் போய்விட்டது. வேறொருவர் வாங்கி, அவரையும் கூட வைத்துக்கொண்டு நடத்தினார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1907இல் ஐல் ஆப் மான் தீவில் நடந்த முதல் டி.டி. பந்தயத்தில் இரட்டைச் சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் வண்டி வென்றது. ஆங்கிலேயர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழும் அந்த வெற்றி வண்டிக்குள் இருந்தது பிரான்ஸ் தேசத்து பெஜோ என்ஜின்! பெயரை மட்டும் பார்த்துச் சுதேசி, விதேசி என்று தீர்ப்புக் கூறும் நண்பர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

பிறகு தன் சொந்த என்ஜினை வளர்த்துக்கொண்டு நார்ட்டன் உலகப் புகழ் பெற்றது. அப்புகழின் உச்சியிலேயே, 1953இல், அது அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸ் என்ற கூட்டுக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பத்து வருஷத்துக்குள் பர்மிங்ஹாமில் பிரேஸ்பிரிட்ஜ் தெருவிலிருந்த பழைய யந்திரசாலையை மூடி, வேலையை லண்டன் பக்கம் கொண்டுபோனார்கள். அத்தெருவில் பரம்பரையாக வேலை பார்த்த கைகள் பல உடன் செல்லவில்லை. யந்திரத்தை லாரியில் ஏற்றலாம். இருபது வருஷம் அந்த யந்திரத்தோடு பழகியவனுடைய காதையும் விரல் நுனியையும் எந்த லாரியில் ஏற்றுவது? 1966இல் அக்கூட்டுக் கம்பெனியும் விழுந்தது. அதன்பின் நார்ட்டன் வில்லியர்ஸ். பிறகு 1973இல் சர்க்கார் உதவியோடு நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப். கமாண்டோ என்ற நல்ல வண்டி ஒன்று சில காலம் மானத்தைக் காத்தது. ஜப்பானியர் வண்டிகள் வந்து சந்தையை நிரப்பிய பின் அதுவும் நின்றது. பிறகு பெயர் மட்டும் சந்தைச் சரக்காகக் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. 2008இல் அதை வாங்கிய கடைசி ஆங்கிலேயரின் கதையைத்தான் மேலே கூறினோம்.

இதற்கு நேர் மாறான கதை ஒன்று நம் மாகாணத்திலேயே நடந்திருக்கிறது. ராயல் என்பீல்டை அறியாத தமிழர் இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்தில் தோன்றிய அக்கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்பீல்டு இந்தியாவை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் யந்திரசாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களைப் பெட்டியில் தருவித்துப் பூட்டினார்கள். அதோடு நின்றிருந்தால் அக்கதை என்றோ முடிந்திருக்கும். 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளையும் அச்சுகளையும் தருவித்தார்கள். 1962க்குள் புல்லட்டின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே உருவாயின. 1967இல் ரெட்டிட்ச் யந்திரசாலை மூடப்பட்டது. 1970இல் தாய்க் கம்பெனியே மறைந்தது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் நிற்கவில்லை. 1977இல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்! தாய் இறந்த பின்னும் மகள் குடும்பத்தைக் காப்பாற்றினாள் என்றால், தாய் உயிரோடு இருக்கும்போதே சமையலைக் கற்றுக்கொண்டதுதான் அதற்குக் காரணம்.

ஆயினும் அதற்கும் சோதனைக் காலம் வந்தது. ஐஷர் கம்பெனி 1990இல் உள்ளே வந்து, 1994இல் முழுவதையும் ஏற்றது. உரிமை மாறியவுடனே விடிந்துவிட்டதா? இல்லை. 2000ஆம் வருஷ வாக்கில் மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய இடத்தில் 2,000 வண்டிதான் விற்றது. எண்ணெய் கசியும் வண்டி, உதைத்தால் திருப்பி உதைக்கும் வண்டி என்று கேலி. விற்றுவிடலாம், அல்லது மூடிவிடலாம் என்ற யோசனை நிர்வாகத்தில் எழுந்தது. அப்போது இருபத்தாறு வயதான சித்தார்த்த லால் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு, வண்டியின் உருவத்தைக் கெடுக்காமல் உள்ளிருக்கும் என்ஜினைச் சீர்திருத்தத் தொடங்கினார். பத்து வருஷம் பிடித்தது. பிறகு ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய யந்திரசாலைகள் எழுந்தன. 2024-25ஆம் வருஷத்தில் 10 லக்ஷம் வண்டிகளுக்கு மேல் விற்பனையாயின. 'ராயல்' என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று இங்கிலாந்தில் ஒருவர் வழக்குத் தொடுத்ததும், அதில் இந்தியக் கம்பெனியே வென்றதும் வக்கீல்களுக்கு ருசியான விஷயங்கள். ஆனால் வழக்கில் தோற்றிருந்தாலும் திருவொற்றியூர்த் தொழிலாளி வேறு பெயரை எழுதி வண்டியை அனுப்பியிருப்பான். வண்டி அவன் கையில் இருந்தது.

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனியின் கதி வேறு. 1961இல் தொடங்கி, ஜாவாவும் யெஸ்டியும் செய்து, 1996இல் மூடிவிட்டது. யந்திரசாலை போய் இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் யெஸ்டி என்ற பெயர் யாருடையது என்று கர்நாடக ஹைகோர்ட்டில் வழக்கு. 2022இல் தனி நீதிபதி, அது கலைந்துபோன கம்பெனியின் சொத்து என்றார். 2025இல் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பை மாற்றினார்கள். இப்போது அப்பெயர்களில் வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன, நல்லதே. ஆனால் மைசூர்த் தொழிலாளி கற்ற தொழில் அவனோடு வீட்டுக்குப் போய்விட்டது.

ஆகவே நாம் கேட்கும் முதல் கேள்வி, வாங்கியவர் எதை வளர்க்கிறார் என்பது. டி.வி.எஸ். விஷயத்தில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. அதற்கு ஆதாரம் அதன் சொந்தச் சரித்திரம். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்டது. கொங்கு நாட்டில் பால் கேனும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு அது போகாத வண்டிப்பாதை இல்லை. பிறகு ஜப்பானிய சுஸுகி கம்பெனியோடு கூட்டு. 2001இல் அக்கூட்டு முறிந்து, சுஸுகி என்ற பெயர் வண்டியிலிருந்து போயிற்று. இனி டி.வி.எஸ். பிழைக்குமா என்று சந்தையில் ஐயப்பட்டார்கள். அதே வருஷம் விக்டர் என்ற வண்டியைத் தன் சொந்த வடிவமைப்பில் வெளியிட்டு அக்கம்பெனி நிமிர்ந்து நின்றது. 2013 முதல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, அவர்கள் பெயரில் போகும் சிறு வண்டிகளையும் ஓசூரிலேயே செய்து கொடுக்கிறது. பிறர் பெயரை இழந்தும் பிழைத்தவர்கள், பிறர் பெயருக்கு வேலை செய்தும் தேர்ந்தவர்கள். இப்போது பிறர் பெயர் ஒன்று அவர்களுக்கே உரிமையாகியிருக்கிறது.

அதற்காக அவர்கள் செலவிடவும் தயங்கவில்லை. பர்மிங்ஹாமுக்கு அருகில் சோலிஹல் என்ற ஊரில் 2021இல் புதிய யந்திரசாலை திறந்தார்கள். வருஷத்துக்கு 8,000 வண்டிகள் செய்ய வசதியுள்ளது. 2022 ஏப்ரலில் மேலும் 10 கோடி பவுன் முதலீடு செய்வதாக அறிவித்தார்கள். மிலானில் காட்டிய மாங்க்ஸ் ஆர், 1,200 சி.சி. நான்கு சிலிண்டர் வண்டி. 206 குதிரைசக்தி உடையது. அட்லஸ் அதைவிடச் சிறியது, 585 சி.சி., இரட்டைச் சிலிண்டர். பெரிய வண்டி சோலிஹல்லில் உருவாகும் என்றும், அட்லஸ் ஓசூரில் உருவாகும் என்றும் செய்திகள் வந்துள்ளன.

இங்கேதான் நாம் கொங்கு நாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

கோயமுத்தூருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்த ஒரு பையன், வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினான். கோவைக்கு வந்து ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, சுமார் 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினான். வாங்கியவன் அதில் ஏறி ஊரைச் சுற்றியதோடு நிற்கவில்லை. ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தான். அவனே பின்னர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட ஜி.டி. நாயுடு. அந்த ரட்ஜ் கம்பெனி என்னவாயிற்று தெரியுமா? இசைத்தட்டுச் செய்யும் இ.எம்.ஐ. கம்பெனியின் கைக்குப் போய், 1939இல் யுத்தம் வந்ததும் மோட்டார் சைக்கிள் வேலையை நிறுத்தியது. மீண்டும் தொடங்கவே இல்லை. இங்கிலாந்தில் ரட்ஜ் செத்தது. அதைப் பிரித்துப் பார்த்ததனால் பிறந்த தொழில் இன்னும் கோவையில் உயிரோடு இருக்கிறது.

இன்று பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பிரிகால் கம்பெனி செய்யும் வேகமானிகள் தேசத்தின் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனிகளுக்கெல்லாம் போகின்றன. கணபதியிலும் அரசூரிலும் குறிச்சியிலும் வார்ப்படம் ஊற்றுகிறார்கள். செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரால் அமைந்த பந்தயப் பாதையில் இளைஞர்கள் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். வண்டியின் பெயர் வடக்கே இருக்கலாம், மேற்கே இருக்கலாம். அதன் பற்சக்கரமும் வார்ப்படமும் நம் ஊர் வியர்வையில் நனைந்தவை. ஆகவே பெயர் கை மாறும்போதெல்லாம் நமக்கு இங்கே வயிற்றைக் கலக்குகிறது. பிரிகாலுக்கே அந்த அனுபவம் உண்டு. 2023 பிப்ரவரியில் போட்டிக் கம்பெனியான மிண்டா, சந்தையில் அதன் ஷேர்களில் 15.7 சதவீதத்தைத் திடீரென்று வாங்கிற்று. கோவையில் கவலை பரவிற்று. 2024 தொடக்கத்தில் மிண்டா அவற்றை விற்றுவிட்டு விலகியது. பெரியவர்கள் தப்பினார்கள். சிறியவர்கள்?

நாம் வக்கீல் தொழிலில் இருந்தபோது நடந்தது ஒன்றைக் கூறுவோம். பட்டறைக்காரர் ஒருவர் நம்மிடம் வந்தார். பெயர் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம். ஏழு லேத்துகள், பதினொரு ஆட்கள். இரண்டு வருஷமாக ஒரே கம்பெனிக்குப் பாகங்கள் கடைந்து கொடுத்துவந்தார். அக்கம்பெனி கை மாறியது. புதியவர்கள் அவரை மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, "அண்ணா, அது பழைய கம்பெனியின் பாக்கி, எங்களுக்குச் சம்பந்தமில்லை. புது ஆர்டர் தருகிறோம், பழைய விலையில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார்களாம். பைல் நிறைய பில்களை நம் மேஜைமேல் வைத்துவிட்டு, "வக்கீலய்யா, ஆர்டரை வாங்கிக்கொள்ளட்டுமா, வழக்குப் போடட்டுமா?" என்று கேட்டார். சட்டம் படித்த நமக்கு உடனே பதில் வரவில்லை. அவர் ஆர்டரைத்தான் வாங்கிக்கொண்டார்.

2016ஆம் வருஷத்துத் திவால் சட்டம் பணம் கடன் கொடுத்த பாங்கிகளுக்குச் சபை அமைத்து வாக்குரிமை கொடுத்திருக்கிறது. பொருள் கொடுத்த பட்டறைக்காரனுக்கு அச்சபையில் வாக்கு இல்லை. தொழிலாளியின் பிராவிடெண்டு பண்டையும் கிராஜுவிட்டி நிதியையும் சொத்துப் பங்கீட்டில் சேர்க்காமல் அச்சட்டம் தனியே ஒதுக்குகிறது. நார்ட்டன் ஓய்வூதியக்காரர்களை நினைக்கும்போது அந்த ஒன்றுக்காக அதைப் பாராட்டலாம். சிறு தொழிலாருக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதையும் பில் காத்திருக்கும் நாட்களையும் நேயர்கள் தங்கள் ஊரில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் பிழைத்தது என்று ஊர் கொண்டாடும்போது யார் நஷ்டப்பட்டார்கள் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஆஸ்திரியாவின் கே.டி.எம். புனாவின் பஜாஜ் கம்பெனி அதில் 2007 முதல் பங்கு வைத்திருந்தது. 2024 நவம்பரில் கே.டி.எம். நொடித்தது. பஜாஜ் 80 கோடி யூரோ வரை கைகொடுத்துத் தூக்கி, 2025 நவம்பரில் முழு அதிகாரத்தையும் பெற்றது. இந்தியர் ஐரோப்பியக் கம்பெனியைக் காப்பாற்றினார் என்று இங்கே மீண்டும் ஆனந்தம். ஆனால் கடன்காரர்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்ன? நூறு யூரோ பாக்கிக்கு முப்பது யூரோ. வங்கிகளுக்கும் அதுதான், பாகங்கள் கொடுத்தவர்களுக்கும் அதுதான். நம் கணபதிப் பட்டறைக்காரர் அங்கே இருந்திருந்தால், பத்து லக்ஷம் பாக்கியில் மூன்று லக்ஷம் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்திருப்பார். பஜாஜைக் குறை கூற நமக்கு எண்ணமில்லை. அவர்கள் வராவிட்டால் அந்த முப்பதும் வந்திராது.

இனி நார்ட்டன். அப்பெயருக்கு மதிப்பே இங்கிலாந்து மண்ணில்தான், சோலிஹல்லில் செய்தால்தான் உலகம் வாங்கும், ஓசூரில் செய்தால் விலை போகாது என்று சொல்வோர் உண்டு. இந்த வாதத்தை நாம் முழுவதும் தள்ளிவிடவில்லை. லக்ஷக்கணக்கில் விலை கொடுத்து ஆடம்பர வண்டி வாங்குகிறவன் ஓரளவு கதையையும் சேர்த்தே வாங்குகிறான். மாங்க்ஸ் சோலிஹல்லில் உருவாகட்டும்; அங்குள்ள தொழிலாளியும் உழைத்துப் பிழைக்க வேண்டியவனே. ராயல் என்பீல்டும் இங்கிலாந்தில் ஒரு வடிவமைப்பு நிலையம் வைத்திருக்கிறது; அதனால் திருவொற்றியூருக்குக் குறைவு வரவில்லை. ஆனால் இங்கே ஈட்டிய லாபம் அங்கே முதலாகப் போகும்போது, அங்கே கற்ற வித்தை இங்கே திரும்பி வருகிறதா என்று கேட்கும் பாத்தியதை நமக்கு உண்டு. டி.வி.எஸ். 50 வாங்கிய பால்காரருடைய பணமும் அந்த 153 கோடியில் கலந்திருக்கிறது.

கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ. சிதம்பரம் பிள்ளையை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை. 1906இல் அவர் ஏற்படுத்திய சுதேசிக் கப்பல் கம்பெனி, அவர் சிறைப்பட்ட பின் 1911இல் கலைந்தது. எந்தப் போட்டிக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ, அக்கம்பெனிக்கே கப்பலை விற்றார்கள். பங்குதாரர்கள் கெட்டவர்கள் அல்லர். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்கள், நஷ்டம் தெரிந்தது, விற்றார்கள். நார்ட்டனிலும் நஷ்ட வருஷங்கள் வரும், வந்திருக்கின்றன. பங்குச் சந்தையில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குக் கேட்பார்கள். என்பீல்டுக்குக் கிடைத்த பத்து வருஷப் பொறுமை நார்ட்டனுக்குக் கிடைக்குமா என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறதென்பது நமது அபிப்பிராயம். வாங்கியவர்கள் பரம்பரையாகத் தொழில் நடத்தும் குடும்பத்தார், அது சாதகம். மாங்க்ஸ் ஆர் போன்ற வண்டி உலகில் வெகு சிலருக்கே தேவை, அது பாதகம். அட்லஸ் நன்றாக அமைந்தால் கம்பெனி பிழைக்கும். அது இந்தியச் சாலையிலும் ஐரோப்பியச் சாலையிலும் ஒருங்கே ஓடத் தகுந்த அளவு.

அட்லஸ் ஓசூரில் உருவானால், அதன் வார்ப்படமும் பற்சக்கரமும் எங்கிருந்து வரும்? 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருக்கின்றன. பாகங்களை அங்கிருந்து தருவிப்பது இனி மேலும் சுலபமாகலாம். சுங்கவரிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பட்டறை நடத்தும் காலம் போய்க்கொண்டிருக்கிறது. நம் பட்டறைக்காரர்களிடமும் குறை உண்டு. பம்பு செட்டுக்குப் போதுமான நுட்பம் நார்ட்டன் என்ஜினுக்குப் போதாது. அளவு பார்க்கும் கருவிகளில் செலவிட வேண்டும். ஒரே கம்பெனியின் ஆர்டரை நம்பிப் படுத்திருக்கும் வழக்கத்தை விட வேண்டும். நமக்கு வேண்டிய சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

டி.வி.எஸ். கம்பெனியாரை நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமன்று. கோயமுத்தூரில் கொடிசியா நடத்தும் அடுத்த யந்திரக் கண்காட்சியில் அட்லஸ் வண்டியை மேடையில் நிறுத்தி, விளக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். அதன் என்ஜினை முழுவதும் பிரித்து, நீண்ட மேஜை ஒன்றில் பாகம் பாகமாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் அருகில் வரைபடத்தையும் இன்னும் இவ்வளவு நுட்பம் வேண்டும் என்ற குறிப்பையும் வைக்கட்டும். பணம் எத்தனை நாளில் வரும், கம்பெனி கை மாறினால் பழைய பாக்கியை யார் கொடுப்பார் என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வைக்கட்டும். கணபதியிலிருந்தும் அரசூரிலிருந்தும் குறிச்சியிலிருந்தும் ஆட்கள் வந்து கையில் எடுத்துப் பார்ப்பார்கள். கூட்டத்தில் கலங்கலிலிருந்து வந்த பையன் எவனாவது நின்றாலும் நிற்கலாம்.